மீனம்பாக்கத்திலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?



இன்றைய பேச்சின் பொருள் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரமும், அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் நேரமும். ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் நம் தாமல் ஊரில் ஆகாய விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். சிங்கப்பூரிலோ, துபாயிலோ, லண்டனிலோ, அமெரிக்காவிலோ ஒரு பிள்ளையாவது வேலை பார்க்காத ஊர் இந்தப் பக்கத்தில் இன்று எங்கே இருக்கிறது? சென்னை மீனம்பாக்கத்தில் மகனை வழியனுப்பிவிட்டு வீடு திரும்பும் தாய் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவான்?" என்பதைத்தான். அடுத்து, "அது எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்கிறாள்.

கேள்விகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பிறக்கின்றன. பதில்களோ வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன. தூரத்தைப் பூமி தீர்மானிக்கிறது. நேரத்தைக் காற்று தீர்மானிக்கிறது, கடிகாரம் தீர்மானிக்கிறது, அரசுகள் தீர்மானிக்கின்றன, கடைசியில் நம் வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரைக்குமான சாலையும் தீர்மானிக்கிறது. இதைத்தான் இன்று கொஞ்சம் விரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் தூரம்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு உலகை அளந்த கதை புதிதல்ல. உலகளந்த பெருமாள் நெடிதுயர்ந்து நிற்கும் கோயில் அங்கேயே இருக்கிறது. அவர் அடியால் அளந்தார். மனிதன் சங்கிலியால் அளந்தான். அந்தச் சங்கிலியை எங்கே விரித்தான் தெரியுமா? இன்றைய சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பரங்கிமலை அடிவாரத்தில்!

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே தன் வேலையைத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று. சித்திரை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? நீண்டால் கணக்கு கெடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியா முழுவதும் அளவை விரிந்தது. பின்னாளில் இமயமலை வரைக்கும் போன மாபெரும் முக்கோண அளவைக்கு முதல் சங்கிலி விழுந்த இடம் நம் பரங்கிமலை.

அந்த அளவை முதலில் என்ன சொன்னது? சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே பழைய வரைபடங்கள் காட்டியது 400 மைல். லாம்டன் அளந்து பார்த்தபோது வந்தது 360 மைல். 40 மைல் அதிகமாக எழுதி வைத்துக்கொண்டு அத்தனை காலம் ஒரு தேசம் நடந்திருக்கிறது! தூரம் என்பது யாரோ ஒருவர் வெயிலில் நின்று அளந்து கொடுத்த உழைப்பு. இன்று கைப்பேசியில் ஒரு விரலைத் தட்டினால் சென்னை–லண்டன் தூரம் வந்து விழுகிறது. அதற்கு முன்னால் பரங்கிமலையின் வெயிலில் சங்கிலி தூக்கியவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாத நம் ஊர்க்காரர்கள். இந்த மேடையில் அவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்ல வேண்டும்.

சரி, பூமியின் வடிவமும் அளவும் தெரிந்துவிட்டது. அதன்மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி எது? பிள்ளைகளே, பள்ளியில் சுவரில் தொங்கும் உலகப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோவுக்கு ஸ்கேலை வைத்துக் கோடு போடச் சொன்னால் எப்படிப் போடுவீர்கள்? அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே ஒரு கோடு இழுப்பீர்கள். இப்போது மேடையில் இருக்கும் பூகோள உருண்டைக்கு வாருங்கள். ஒரு நூலை எடுத்து ஒரு முனையைப் பெங்களூரில் அழுத்துங்கள். மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இறுக்குங்கள். நூல் எங்கே போகிறது? மேற்கே போகவில்லை. வடக்கே ஏறுகிறது! இமயத்தைத் தாண்டி, சீனாவைத் தாண்டி, ரஷ்யாவின் பனிக்காட்டைத் தாண்டி, ஆர்க்டிக் ஓரத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்குகிறது. தட்டைப் படத்தில் வளைந்து தெரியும் இந்த வழிதான் உருண்டையில் மிகக் குறுகிய வழி. பெருவட்டப் பாதை என்று இதற்குப் பெயர். இந்தக் கணக்கில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே சுமார் 14,000 கிலோமீட்டர்.

2021 ஜனவரியில் இந்த வழியை உலகமே பார்த்தது. ஏர் இந்தியாவின் போயிங் 777 விமானம் ஒன்று ஜனவரி 9ஆம் தேதி இரவு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியது. விமானி அறையில் நான்கு பேர், நால்வரும் பெண்கள்: ஜோயா அகர்வால், தன்மய் பாபகாரி, ஆகாங்க்ஷா சோனவானே, சிவானி மன்ஹாஸ். விமானம் வட துருவத்தின் மேலே பறந்து பெங்களூரில் இறங்கியது. துருவத்தைத் தொட்டுக்கொண்டு வந்தால் தூரம் எவ்வளவு கூடும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மிகக் குறுகிய வழியைவிடச் சுமார் 375 கிலோமீட்டர்தான் அதிகம். 14,000 கிலோமீட்டர் பயணத்தில் அது எம்மாத்திரம்!

அந்த விமானம் பெங்களூரில் இறங்கியபோது நாட்காட்டி ஜனவரி 11 அதிகாலை என்று காட்டியது. 9ஆம் தேதி கிளம்பியவர்கள் 11ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். அப்படியென்றால் இரண்டு நாள் பறந்தார்களா? இல்லை. பறந்தது சுமார் 17 மணி நேரம். மீதி எங்கே போனது? அதற்கும் வருவோம். அதற்கு முன் காற்றைப் பார்த்துவிட வேண்டும்.

சென்னை மீனம்பாக்கத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் நடுவே பெருவட்டக் கணக்கில் சுமார் 8,230 கிலோமீட்டர். போகும்போதும் அதே தூரம், வரும்போதும் அதே தூரம். ஆனால் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து லண்டன் போகும் விமானத்துக்குப் பதினோரு மணி நேரத்துக்கு நெருக்கமாகக் குறிப்பிட்டிருப்பார்கள். திரும்பி வரும் விமானத்துக்கு அதைவிடச் சற்றேறக்குறைய ஒரு மணி நேரம் குறைவு. ஏன்?

பள்ளிப் பிள்ளைகளில் சூட்டிகையான ஒருவர் உடனே கையைத் தூக்குவார்: "பூமி சுழல்வதால்தானே?" நல்ல கேள்வி. பல பெரியவர்களுக்கும் இந்த எண்ணம் உண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. ஆகவே விமானம் மேலே ஏறிச் சும்மா நின்றால் போதும், லண்டன் தானாக நம் காலடிக்கு வந்துவிடாதா? வராது. பூமி சுழலும்போது அதைப் போர்த்தியிருக்கும் காற்றும் கூடவே சுழல்கிறது. தரையில் நிற்கும்போதே விமானமும் அந்தச் சுழற்சியில் பங்கு பெற்றுவிட்டது. ஏரிக்கரையில் நின்று மேலே குதிக்கும் பையன் குதித்த இடத்திலேயே இறங்குகிறான் அல்லவா? விமானத்துக்கும் அதே சட்டம்தான்.

ஆனால் பூமியின் சுழற்சி வேறு ஒரு வேலையைச் செய்கிறது. பூமத்திய ரேகைப் பக்கம் சூடாகி மேலே எழும் காற்று துருவத்தை நோக்கி நகரும்போது, இந்தச் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. சூட்டுக்கும் குளிருக்கும் எல்லையான இடங்களில், தரையிலிருந்து சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு நோக்கி ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஓட்டம் என்கிறார்கள். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். நீண்ட தூர விமானங்கள் பறக்கும் உயரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். கிழக்கே போகிற விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளுகிறது. மேற்கே போகிற விமானத்தின் மார்பில் மோதுகிறது.

கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகும். காற்றைக் கிழித்துக்கொண்டு மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் ஒரு விமானம். எதிர்க்காற்று 50 கிலோமீட்டர் என்றால் தரைக்கு மேலே அதன் வேகம் 850. பின்காற்று 50 என்றால் 950. லண்டன் தூரத்துக்கு முன்னதில் ஏறத்தாழ ஒன்பது மணி நாற்பது நிமிடம் ஆகும். பின்னதில் எட்டு மணி நாற்பது நிமிடம். வெறும் 50 கிலோமீட்டர் காற்றுக்கே ஒரு மணி நேர வித்தியாசம்! 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம் அது. விமானி வேகத்தைக் கூட்டவில்லை. காற்று கூட்டியது.

ஆகவே தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்லும் பள்ளிக் கணக்கு ஆகாயத்தில் முழுதாகச் செல்லாது. காற்று மட்டுமா காரணம்? சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே ஆகாய வழி 270 கிலோமீட்டர்கூட இல்லை. 900 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பதினெட்டு நிமிடத்தில் முடிய வேண்டிய பயணம். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். விமானம் நின்ற இடத்திலிருந்து கிளம்பி ஓடுபாதைக்கு உருண்டு போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், மேலே ஏற வேண்டும், ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும், இறங்கிய பிறகும் உருண்டு போய் நிற்க வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் டிக்கெட்டில் அச்சிடும் நேரம். குறுகிய பயணத்தில் இந்தச் சில்லறை நேரங்கள்தான் பெரும்பங்கு. நீண்ட பயணத்தில் அவை கரைந்துவிடும்.

இப்போது கடிகாரம். இங்கேதான் பெற்றோர் அதிகம் குழம்புகிறார்கள். சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பிய மகன் சிங்கப்பூரில் காலை 5.45க்கு இறங்குவான் என்று டிக்கெட்டில் இருக்கிறது. ஆறே முக்கால் மணி நேரமா பறக்கிறான் என்று தாய் கவலைப்படுகிறாள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் நாலேகால் மணி நேரம். 2,900 கிலோமீட்டருக்கு அது சரியான கணக்கு. மேற்கே போகிறவனுக்கு இதற்கு நேர்மாறு. சென்னையில் அதிகாலை 5.30க்குக் கிளம்பி லண்டனில் அன்றே காலை 10.45க்கு இறங்குகிறவன் ஐந்தேகால் மணி நேரம்தான் பறந்தான் என்று தோன்றும். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அவன் பறந்தது பத்தே முக்கால் மணி நேரம். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அப்போது வித்தியாசம் நாலரை மணி நேரம்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கடிகார வித்தியாசம் எல்லாம் இதிலிருந்து பிறந்ததுதான். சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அந்தப் பெண் விமானிகளின் பயணத்தில் காணாமல் போன நேரம் இதுதான். இந்தியக் கடிகாரப்படி அவர்கள் கிளம்பியது ஜனவரி 10 காலை. இறங்கியது 11 அதிகாலை.

நம் கடிகாரமும் ஒருகாலத்தில் வேறாக இருந்தது. 1792இல் சென்னையில் வானாய்வுக்கூடம் எழுந்தது. அதன் உச்சிப்பொழுதை வைத்து ஓடிய 'மதராஸ் நேரம்' இந்திய ரயில்வேக்கே நேரமாக இருந்தது. 1906 முதல் இந்தியா முழுமைக்கும் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம் வந்தது. மதராஸ் நேரத்துக்கும் இன்றைய நேரத்துக்கும் சுமார் ஒன்பது நிமிடம்தான் வித்தியாசம். உலகின் பல நாடுகள் முழு மணியில் நிற்கும்போது நாம் ஐந்தரையில் நிற்பதன் காரணம் அந்தத் தீர்க்கரேகைதான்.

நண்பர்களே, தூரம் மாறாமல் நேரம் மட்டும் சுருங்கிய கதை ஒன்று இருக்கிறது. 'ரஜுலா' என்ற பெயரைக் கேட்டதும் இந்தக் கூட்டத்தில் சில மூத்தவர்களின் முகம் மலரும். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தது. ஒரு வாரக் கடற்பயணம் அது. தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போன தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர்! இன்று அந்தத் தூரம் ஓர் இரவுத் தூக்கத்துக்கும் குறைவு.

ஆகாயத்திலும் நேரம் இப்படித்தான் சுருங்கியது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பி அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்தார். அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். சென்னைக்கு வானவழித் தபால் அப்படித்தான் வந்தது. 1948 ஜூன் 8ஆம் தேதி 'மலபார் பிரின்சஸ்' என்ற ஏர் இந்தியா விமானம் பம்பாயிலிருந்து கிளம்பி, கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி ஏறி, 10ஆம் தேதி லண்டன் சேர்ந்தது. இன்று அதே லண்டனுக்கு எங்கும் இறங்காமல் போகிறோம்.

இவற்றையெல்லாம் விட மனத்தை உலுக்கும் பயணம் ஒன்று நமக்கு மிக அருகில், இலங்கையில் நடந்திருக்கிறது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த வான்வழி அறுந்துபோனது. 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து, நீரில் இறங்கும் காட்டலினா விமானங்களில், இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடந்து, இலங்கையின் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியில் இறங்குவது. நேர்த்தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர். ஆன நேரம் எவ்வளவு? 27 முதல் 33 மணி நேரம்! மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகம்தான். எரிபொருள் சுமைக்கே இடம் போனதால் அதிகபட்சம் மூன்று பயணிகள். எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால் வானொலியில் பேச்சு கிடையாது. நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள். அதனால் 'இரட்டைச் சூரியோதயம்' என்றே அந்தச் சேவைக்குப் பெயர் வந்தது. பயணம் செய்தவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 33 மணி நேரம் இருட்டிலும் மௌனத்திலும் கடலுக்கு மேலே உட்கார்ந்திருந்த அந்த மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். இன்றைய ஜெட் விமானத்துக்கு அது ஏழு மணி நேர வேலை.

அதே குவாண்டாஸ் இப்போது சிட்னியிலிருந்து லண்டனுக்குச் சுமார் 17,000 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் ஏறத்தாழ 20 மணி நேரத்தில் கடக்கத் திட்டமிட்டு, அந்த முயற்சிக்கும் சூரியோதயம் என்றே பெயர் வைத்திருக்கிறது. சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே 15,300 கிலோமீட்டருக்கு மேல். அதைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பதினெட்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு கடக்கிறது. அந்த விமானத்தில் வழக்கமாக வரும் முந்நூறு இருக்கைகள் கிடையாது. 161 இருக்கைகள்தான். தூரம் கூடக்கூட ஆளைக் குறைத்து எண்ணெயை ஏற்ற வேண்டும் என்ற பழைய காட்டலினா நியாயம் இன்னும் மாறவில்லை.

காற்றைப் பார்த்தோம், கடிகாரத்தைப் பார்த்தோம். இனி அரசுகள்.

ஆகாயத்தில் வேலி இல்லை என்று கவிஞர்கள் சொல்லலாம். விமானிகளிடம் கேளுங்கள், வேலி உண்டு என்பார்கள். 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடிக்கொண்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போன விமானம், சுற்றிக்கொண்டு பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. 2019இல் சில மாதங்கள் பாகிஸ்தான் தன் வானத்தை மூடியது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மீண்டும் மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியிருந்தது. டெல்லியும் நகரவில்லை, லண்டனும் நகரவில்லை. நேரம் மட்டும் நீண்டது. நீண்ட நேரத்துக்கான எண்ணெய்ச் செலவும் டிக்கெட் விலையில் ஏறியது.

டெல்லி கிடக்கட்டும். நம் வாசலுக்கு எதிரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறதே! சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு எவ்வளவு தூரம்? நேர் தெற்கே, சுமார் 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்கு ஆகாய வழியில் எவ்வளவோ, அதைவிடக் குறைவுதான். ஆனால் போரும் அதன் பின்விளைவும் அந்த வழியைப் பல பத்தாண்டுகள் அடைத்து வைத்திருந்தன. யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒருவர் சென்னைக்கு வர வேண்டுமானால் என்ன செய்தார்? முதலில் சென்னைக்கு எதிர்த்திசையில் தெற்கே திரும்பி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சாலையில் கொழும்புக்குப் போனார். அங்கே கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, கடந்து வந்த யாழ்ப்பாணத்தையே மீண்டும் தாண்டிக்கொண்டு 650 கிலோமீட்டர் வடக்கே பறந்து சென்னைக்கு வந்தார். 355 கிலோமீட்டர் ஆயிரம் கிலோமீட்டர் ஆனது. ஒன்றரை மணி நேரம் ஒரு முழு நாள் ஆனது. சோதனைச் சாவடிகளில் நின்ற காலத்தில் ஒரு நாளும் போதவில்லை.

2019 அக்டோபர் 17ஆம் தேதி பலாலி விமான நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பயணச் சேவையைத் தொடங்கியது. சின்ன விமானம்தான், இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர். கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில் மறுபடி பறந்தது. சென்னை மருத்துவமனைக்குத் தாயை அழைத்துவரும் யாழ்ப்பாணத்து மகளுக்கு அந்தச் சின்ன விமானம் கொடுத்த காலம் எவ்வளவு பெரியது! உலகின் மிக நீண்ட விமானப் பயணத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த 355 கிலோமீட்டரைப் பற்றியும் எழுத வேண்டும்.

நிறைவாக நம் சாலை.

இங்கிருந்து பெங்களூர் போக வேண்டும். விமானத்தில் ஒரு மணி நேரம்தானே என்று ஒருவர் கிளம்புகிறார். முதலில் பெங்களூருக்கு எதிர்த்திசையில் மீனம்பாக்கம் போக இரண்டு மணி நேரம். விமானம் கிளம்புவதற்கு முன் இரண்டு மணி நேரம். பறக்க ஒரு மணி நேரம். அங்கே தேவனஹள்ளியில் இறங்கி நகருக்குள் போக ஒன்றரை மணி நேரம். ஆக மொத்தம் ஆறரை மணி நேரம். நம் ஊர் நிற்பதே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில்! நேராக மேற்கே வண்டியைத் திருப்பினால் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம். காட்பாடிக்குப் போய் ரயில் ஏறினாலும் விமானத்துக்கு முன் போய்ச் சேரலாம். டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. வாசலிலிருந்து வாசல் வரை எண்ண வேண்டும்.

இந்தக் கணக்கைப் பேசும்போது பரந்தூரைப் பேசாமல் போக முடியாது. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று அறிவித்தார்கள். 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகள் வந்துபோகும் அளவுக்குத் திட்டம். அது வந்தால் தாமல்காரர்களுக்கு விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தாம்பரத்திலும் அடையாற்றிலும் இருப்பவர்களுக்கோ பயணம் நீளும். திட்டப் பகுதியில் உள்ள ஏகனாபுரத்தில் இருப்பவர்கள் எந்த மணிக்கணக்கிலும் வரமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் ஊரே ஓடுபாதைக்குள் போகிறது. வயலையும் ஏரியையும் விடமாட்டோம் என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து அந்த மக்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு மிச்சமாகும் ஒரு மணி நேரத்தைக் கணக்கில் எழுதும்போது, அவர்கள் இழக்கும் நிலத்தையும் நீரையும் அதே தாளில் எழுத வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிக் கூட்டிக் காட்டும் கணக்கு நேர்மையான கணக்கு ஆகாது. பக்கத்து ஊர்க்காரர்களான நாம் அதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டிக்கெட் கைக்கு வரும்போது கிளம்பும் நேரம் எந்த ஊர்க் கடிகாரம், சேரும் நேரம் எந்த ஊர்க் கடிகாரம் என்று பிள்ளைகளிடம் கேட்டு ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்துக்குத் தேதியை இருமுறை பாருங்கள். 15ஆம் தேதி 1 மணி என்றால் 14ஆம் தேதி இரவே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். இதைக் கவனிக்காமல் விமானத்தைத் தவறவிட்டவர்கள் இந்த மாவட்டத்திலேயே பலர்.

ஊராட்சிப் பொறுப்பாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இன்னொரு வேண்டுகோள். ஒவ்வொரு பள்ளிக்கும் 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பூகோள உருண்டை வாங்கிக் கொடுங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் நூல் என்பது ஏறத்தாழ 425 கிலோமீட்டர். பிள்ளைகளே, சிங்கப்பூர் சுமார் ஏழு சென்டிமீட்டர் வரும். லண்டன் பத்தொன்பதரை வரும். யாழ்ப்பாணம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள். நூல் இங்கே இருக்கிறது. உங்கள் அண்ணனோ அக்காவோ இருக்கும் ஊரை நீங்களே அளந்து பாருங்கள்.